வரப்புக்கு அஞ்சும் தீ

(தெமோதரையில் தோட்ட மக்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு மலைத்தீ. கச்சான் வீசும் மாதங்களில் நம் கண்ணெதிரே எரிகிற தீ. ஒரு வருடம் எல்லப் பாறைப் பக்கம், ஒரு வருடம் அப்புத்தளைப் பக்கம், ஒரு வருடம் பெரகலை, ஹல்துமுல்லைப் பக்கம். எந்தப் பக்கம் எரிந்தாலும் நாம் என்ன செய்கிறோம்? முற்றத்தில் நின்று பார்க்கிறோம். படையினர் வருகிறார்கள், பச்சைக் கொப்புகளை முறித்து அடிக்கிறார்கள். சில வேளை ஹெலிகாப்டர் வந்து நீரைக் கொட்டுகிறது. பிறகு மழை வருகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். அடுத்த வருடம் மறுபடியும் தீ. தீ வந்த பிறகு என்ன செய்வது என்பதை அடுத்த கூட்டத்தில் பேசலாம். தீ வராமல் இருக்க மலையை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் இன்று பேசுகிறேன். அதற்கு நம் முன்னோர் கையில் ஒரு வேலை இருந்தது. மலையைப் படிப்படியாக வெட்டி, கல்லடுக்கி, வரப்புக் கட்டி, பயிர் வைக்கிற வேலை. அந்த வேலை திரும்ப வேண்டும். இதுதான் என் பேச்சின் சாரம்.

சரிவை எப்படி வெல்வது என்று நமக்கு வெளியூர்க்காரர் யாரும் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாடம் இந்த ஊரின் புகையிரத நிலையத்துக்கு அடியிலேயே இருக்கிறது. 1924ஆம் ஆண்டு பதுளை வரைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. மலைநாட்டுப் பாதையில் 44 அடி ஓடினால் ஓரடிதான் ஏறலாம், ஓரடிதான் இறங்கலாம். அதற்கு மேல் சரிவு கூடாது என்பது கணக்கு. ஆனால் தெமோதரையில் மலை அப்படியா இறங்குகிறது? செங்குத்தாக அல்லவா இறங்குகிறது! கட்டியவர்கள் என்ன செய்தார்கள்? மலையோடு சண்டைக்குப் போகவில்லை. மலையைச் சுற்றி நடந்தார்கள். நிலையத்தை விட்டுப் புறப்படும் தண்டவாளம் குன்றை ஒரு சுற்றுச் சுற்றி, தான் புறப்பட்ட நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தின் வழியாக நுழைந்து போகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்தது என்று நம்மிடையே ஒரு கதை உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும். கருத்து என்ன? சரிவில் நேரே இறங்காதே. மட்டம் பிடித்துச் சுற்றி வா. ரயிலுக்குச் சொன்ன இந்தச் சட்டம் தண்ணீருக்கும் பொருந்தும், மண்ணுக்கும் பொருந்தும், தீக்கும் பொருந்தும்.

தீக்கு எப்படிப் பொருந்தும்? சொல்கிறேன். சமதரையில் பிடித்த தீ மெதுவாகப் போகும். அதே தீ சரிவில் ஏறும்போது ஓட்டம் பிடிக்கும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்பாளர்கள் உலகம் முழுவதும் வைத்திருக்கும் கணக்கு. 20 பாகை என்றால் நான்கு மடங்கு. காரணம் எளிது. சரிவில் சுவாலை மேல்பக்கம் சாய்ந்துகொள்கிறது. மேலே நிற்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே தன் வெப்பத்தால் அதைக் காய வைத்துவிடுகிறது. காய்ந்த புல் கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றுகிறது. ஊவாவின் மலைகளில் 20 பாகைச் சரிவு என்பது சாதாரணம். ஆகவே அடிவாரத்தில் யாரோ வீசிய ஒரு பீடித்துண்டு, உச்சியில் இருக்கும் லயக் குடியிருப்பை அடைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதோடு காற்றும் சேர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கம் இரத்தினபுரியிலும் அட்டனிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலைத்தொடரைக் கடந்து நம் பக்கம் இறங்கும்போது ஈரமெல்லாம் இழந்து வறண்ட காற்றாக வருகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தக் காற்று தேயிலைக் கொழுந்தை வாட்டுகிறது. அந்த வாட்டத்தில்தான் ஊவாத் தேயிலைக்குக் குளிர்ச்சி கலந்த தனி வாசம் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் ஊவாப் பருவத் தேயிலை என்று பேர் சொல்லி வாங்குவது அதற்காகத்தான். ஒரே காற்று! கொழுந்துக்கு வாசம் தருவதும் அதுதான். மானாப்புல்லுக்குத் தீ தருவதும் அதுதான். காற்றை நாம் நிறுத்த முடியுமா? முடியாது. நிறுத்தவும் வேண்டாம், அது நம் சோறு. அப்படியானால் நாம் மாற்றக்கூடியது என்ன? காற்று வந்து சேரும் இடத்தில் என்ன கிடக்கிறது என்பதை மட்டும்தான் மாற்ற முடியும்.

என்ன கிடக்கிறது அங்கே? ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் ஆளுயரம் நிற்கும் மானாப்புல். வீதியோரமெல்லாம் படர்ந்துவிட்ட கினிப்புல். அரசாங்கம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெறும் மலைகளை மூடுவதற்காக நட்ட பைனஸ் மரங்கள். அவற்றின் அடியில் மெத்தையாய்க் குவிந்து கிடக்கும் எண்ணெய்ப் பிசினேறிய ஊசியிலைகள். எண்ணெய் கசியும் யூகலிப்டஸ். இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கவ்வாத்து வெட்டாமல், வடிகான் துப்புரவாக்காமல், கொழுந்து பறிக்காமல் கைவிடப்பட்டுக் காடாகிப்போன தேயிலை மலைகள். ஒரு காலத்தில் நம்பர் போட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மலை இன்று சிறுத்தையும் பன்றியும் உலாவும் புதர். மின்னல் விழுந்து நம் நாட்டில் காடு எரிவது மிக அரிது. தீ வைப்பது மனிதக் கை. வேட்டைக்காரன் வைக்கிறான். மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று ஒருவர் வைக்கிறார். குப்பை எரிக்கப்போய் இன்னொருவரின் கைமீறிப் போகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தீ வைக்கிற கை யாருடையதாகவும் இருக்கலாம். அது எல்லா இடத்திலும் உண்டு. அந்தத் தீ பரவுவது எங்கே? பயிர் செய்யும் கை விலகிப்போன இடத்தில்தான். கை போன மலையில் தீ வரும். இதை மனத்தில் வையுங்கள்.

கை எப்படிப் போனது? கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். வெலிமடையிலிருந்து ஹாலிஎல வரை, உமா ஓயாவின் கரையிலும் பதுளு ஓயாவின் கரையிலும் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களை இன்றும் பார்க்கிறோம். மேல் வயலின் தண்ணீர் கீழ் வயலுக்கு, கீழ் வயலின் தண்ணீர் அதற்கும் கீழே. ஒரு சொட்டும் வீணாகாது. அந்த வரப்புகள் கண்டி இராச்சிய காலத்துக் கைகள் போட்டவை. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சியை அடக்க வந்த படை வீடுகளை எரித்தது, விளைச்சலை அழித்தது, நீர்ப்பாசனத்தைச் சிதைத்தது, கால்நடைகளைக் கொன்றது. வயல் இருந்தது, உழுதவன் இல்லை. 1840ஆம் ஆண்டில் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. கிராமத்தவன் மாடு மேய்த்த பத்தனையும், சேனை செய்த காடும் ஒரே நாளில் அவனுக்கு அந்நியமாயின. பொறுப்பில்லாத நிலத்தை யார் காப்பார்கள்?

அதன் பிறகுதான் நம் முன்னோர் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, காட்டு வழியே நடந்து வந்தவர்கள். முதலில் கோப்பி, பிறகு தேயிலை. இந்த மலைகளில் இன்றும் நிற்கிற கல்லுக்கட்டுகளைப் பாருங்கள். எந்த இயந்திரம் கட்டியது? எந்தச் சீமேந்து பிடித்து வைத்திருக்கிறது? ஒன்றும் இல்லை. கங்காணியின் கணக்குக்கும் துரையின் அதட்டலுக்கும் நடுவில் நம் பாட்டன்மார் அடுக்கிய கல் அது. கான் வெட்டியவர்களும் அவர்களே. நூறடி ஓடினால் ஓரடிகூட இறங்காத மெல்லிய சரிவில், மலையின் மட்டம் பிடித்து, இடைக்கிடை மண் தங்கக் குழியும் தடுப்பும் வைத்து வெட்டிய கான்கள். எழுத்தறியாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் மலையின் மேல் எழுதிய எழுத்து அது.

பிறகு என்ன நடந்தது? 1948இல் நம் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டது. குடும்பம் குடும்பமாக, பெட்டியும் படுக்கையுமாகத் தலைமன்னாருக்குப் போனவர்கள் பதுளையிலிருந்தும் போனார்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. ஒவ்வொரு மாற்றத்திலும் செலவைக் குறைக்க முதலில் நிறுத்தப்பட்ட வேலை எது? கான் வெட்டும் வேலை, கல்லுக்கட்டுத் திருத்தும் வேலை. காரணம், அவற்றின் பலன் அந்த மாதச் சம்பளப் பட்டியலில் தெரியாது. இன்று நம் பிள்ளைகள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாளெல்லாம் உழைத்தும் வயிறு நிறையாத மலையில் யார் நிற்பார்கள்? ஆனால் கை போன மலையில் தீ வரும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததா? இல்லை. போர்த்துக்கல் நாட்டுக்குப் போவோம். அங்கும் மலைக் கிராமங்கள். அங்கும் கல்லடுக்கிய படிநிலங்களில் சோளமும் திராட்சையும் ஒலிவும் விளைந்தன. இளைஞர்கள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். படிநிலத்தில் புதர் ஏறியது; சுற்றிலும் யூகலிப்டஸும் பைனஸும் நிறைந்தன. 2017 ஜூன் 17ஆம் திகதி பெத்ரோகாவ் கிராந்தே என்ற இடத்தில் தீ பிடித்தது. 66 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாகனங்களில் தப்பி ஓடும்போது ஒரே வீதியில் சிக்கிக்கொண்டவர்கள். வீதியின் இரு பக்கமும் மரம். அதன் பிறகு அந்நாட்டு அரசு என்ன செய்தது? தீயணைப்பு வண்டி வாங்கியதோடு நிற்கவில்லை. கிராமத்தைச் சுற்றியுள்ள வளையத்தில் காட்டை நீக்கிப் பயிரையும் மேய்ச்சலையும் திரும்பக் கொண்டுவரப் பணம் ஒதுக்கியது. வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் தோட்டம் இருந்தால் வீடு பிழைக்கும் என்பதை 66 உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

இந்தியாவின் உத்தராகண்டைப் பாருங்கள். இமயத்தின் மடியில் படிப்படியாக இறங்கும் வயல்களுக்குப் பேர்போன மாநிலம். 2011 மக்கள் கணக்கெடுப்பில் பௌரி, அல்மோரா என்ற இரண்டு மலை மாவட்டங்களில் மக்கள் தொகை முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. வீட்டுக்குப் பூட்டு, வயலுக்குப் புதர். அங்கே சீர் என்ற பைன் மரம் உதிர்க்கும் ஊசியிலைதான் கோடைத் தீயின் தீனி. 2024இல் அந்த மாநில அரசு, காய்ந்த ஊசியிலையைப் பொறுக்கிக் கொண்டுவந்தால் கிலோவுக்கு 50 ரூபாய் தருவதாக அறிவித்தது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே தீனியை அள்ளுவது மலிவு என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். தேனி மாவட்டத்துக் குரங்கணி. 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து நடந்து இறங்கிய இளைஞர்களும் பெண்களும் காய்ந்த புல் நிறைந்த செங்குத்துச் சரிவில் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புல், சரிவு, காற்று. மூன்றும் நம்மிடமும் இருக்கின்றன. குரங்கணிக்கும் எல்லவுக்கும் என்ன பேதம்? வார இறுதி ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் எல்லப் பாறைக்கு ஏறுகிறார்கள்! அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை என்ற ஊர் இருக்கிறது. பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாகப் பூண்டு. அந்த மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. படியில் நிற்பது பச்சைப் பயிர். களையெடுப்பதற்கும் தண்ணீர் பாய்ச்சுவதற்கும் ஆள் அங்கேயே இருக்கிறது. தீயைக் கண்டவன் கூக்குரல் எழுப்ப முடியும். ஓடிவரப் பத்துப் பேர் இருப்பார்கள்.

அப்படியானால் படிநிலம் தீக்கு எதிராக என்னதான் செய்கிறது? மூன்று வேலை செய்கிறது. முதலாவது, சரிவை முறிக்கிறது. மேலே பாய்ந்து வந்த தீ, சமமான ஒரு படியை அடைந்ததும் நிமிர்ந்து நின்றுவிடுகிறது; அதன் ஓட்டம் குறைகிறது. எதிரே இருப்பது கல், கல் எரியாது. இரண்டாவது, தண்ணீரை நிறுத்துகிறது. மாரி மழை சரிவில் ஓடிப் பதுளு ஓயாவுக்குப் போகாமல், படியில் தங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. ஈரமான மண்ணில் நிற்கும் பயிர் ஆவணியிலும் பச்சையாக நிற்கும். கீழே பீலியில் தண்ணீர் வற்றாது. மூன்றாவது, இதுதான் பெரியது, மலைக்கு ஆளைத் திரும்பக் கொண்டுவருகிறது. தினமும் ஒருவர் நடமாடும் இடத்தில் புல் ஆளுயரம் வளராது.

தீயோடு கதை முடிந்துவிடுவதில்லை. நம் மாதக் கணக்கைப் பாருங்கள். ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் தீ. ஒக்டோபரிலும் நவம்பரிலும் இடியோடு கொட்டும் மழை. எரிந்த மலையில் புல் இல்லை, வேர் காய்ந்துவிட்டது, மேல்மண் சாம்பல். அந்த நேரத்தில் மழை வந்தால் என்ன ஆகும்? ஓயா செந்நீராக ஓடும். அந்தச் செந்நீர் நம் மேல்மண். உமா ஓயா அள்ளிக்கொண்டுபோன மண் ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் படிந்து கிடக்கிறது. அணை கட்டியவர்களுக்கு அது வண்டல். நமக்கு அது நாளைய சோறு. தீயும் மண்ணரிப்பும் ஒரே நோயின் இரண்டு பருவங்கள். மருந்தும் ஒன்றுதான்.

இப்போது ஒரு கேள்வி எழும். "ஐயா, மீரியாபெத்தையை மறந்துவிட்டீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இந்த மாகாணத்தில் எவரும் மறக்க முடியாது. அதற்குத் தீ காரணமில்லை. ஆனால் மலையை வெட்டும்போது பயப்பட வேண்டும் என்ற பாடத்தை அது சொல்கிறது. வடிகால் இல்லாத படிநிலம் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு வீங்கி ஒருநாள் சரியும். ஆகவே மூன்று எல்லை போட்டுக்கொள்வோம். 60 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள மலையில் கை வைக்கக் கூடாது. அது காட்டுக்கு உரியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த இடத்தில் அவர்களைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. நெல்லியும் கடுக்காயும் தான்றியும் நிற்கும் பழைய பத்தனைகளை உழுதுவிடக் கூடாது; அவை தமக்கென்று உயிர்களைக் கொண்ட நிலங்கள். நமக்கு வேண்டிய இடம் எது? லயத்தைச் சுற்றியுள்ள நிலம், காட்டின் ஓரம், வீதியோரம், கைவிட்ட தேயிலை மலை. அவ்வளவுதான். அதுவே போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கட்டிவிட்டுக் கைவிட்ட படிநிலம் கட்டாத மலையைவிட ஆபத்தானது. படியில் ஏறிய மானாப்புல்லுக்கு நல்ல மண்ணும் ஈரமும் கிடைக்கும். அது அடர்ந்து வளர்ந்து கோடையில் காயும். அதுபோலக் கடும் காற்றில் பறக்கும் நெருப்புப் பொறி எந்த வரப்பையும் தாண்டும். வரப்பு மந்திரமில்லை. வரப்போடு ஆள் இருக்க வேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கையைப் பற்றியே பேசுகிறேன்.

மாணவச் செல்வங்களே, இனி உங்களுக்கு. மலையில் மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டுமா? ஆறடி நீளத்தில் இரண்டு கம்பு எடுங்கள். மேல்முனைகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு கல். தரையில் இரண்டு கால் நிற்கும் இடத்தையும் அடையாளம் வைத்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, அதே அடையாளங்களில் கால் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் மூன்றாவது கோடு. முடிந்தது! கயிறு அந்த நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். இந்தச் சட்டத்தைக் காலுக்குக் கால் நடத்திக்கொண்டே போய், ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு முளை அடியுங்கள். மலையின் மட்டக்கோடு உங்கள் முன்னால் தானாகவே வளைந்து வளைந்து போகும். பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோவில் எழுபதுகளில் வளர்ந்த சரிவு நில வேளாண் முறையில் இந்தக் கருவிதான் பயன்பட்டது. அந்த முறை நம் மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அந்தக் கோட்டில் என்ன செய்வது? கல் இருக்கும் இடத்தில் கல்லுக்கட்டு. கல் இல்லாத இடத்தில் உயிர்வேலி. சீமைக்கிளுவையை இரட்டை வரிசையாக நெருக்கி நட்டு, இடுப்பளவில் வெட்டிக்கொண்டே இருங்கள். வெட்டிய தழை மண்ணுக்கு உரம், மாட்டுக்குத் தீனி. தடி அடுப்புக்கு விறகு. வேலிக்கு மேல்பக்கம் மண் தங்கித் தங்கிச் சில வருடங்களில் தானாகவே படி உருவாகும். வரப்பில் சிஓ-3 புல்லை நடுங்கள்; கோயம்புத்தூரில் உருவாகி நம் மாட்டுப் பட்டிகளுக்கு வந்த புல் அது. வாசலில் பச்சைப்புல் இருக்கும்போது மாட்டுக்காரர் ஏன் பத்தனைக்குத் தீ வைக்கப் போகிறார்? படிக்குள் போஞ்சி, கோவா, மிளகாய், இஞ்சி, வாழை. வீட்டுக்கும் ஆகும், பண்டாரவளைச் சந்தைக்கும் ஆகும்.

கல்லுக்கட்டு கட்டத் தெரிந்த பெரியவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். நான் தவறாகச் சொன்னால் திருத்துங்கள். மேல்மண்ணை நீக்கிக் கெட்டித் தரை வரும்வரை அத்திவாரம் வெட்ட வேண்டும். பெரிய கல் அடியில். ஒவ்வொரு கல்லும் கீழேயுள்ள இரண்டு கல்லின் மேல் அமர வேண்டும். மூட்டுக்கு மேல் மூட்டு வந்தால் கட்டு பிளக்கும். கட்டு மலைப்பக்கம் சற்றுச் சாய வேண்டும். இடைக்கிடை ஒரு நீளக்கல் மலைக்குள் புகுந்து பிடிக்க வேண்டும். பின்னால் சல்லிக்கல் நிரப்ப வேண்டும். தண்ணீர் கசிந்து வெளியேற வழி வேண்டும். சீமேந்து பூசினால் தண்ணீர் உள்ளே அடைபட்டுக் கல்லுக்கட்டையே தள்ளிவிடும். இந்தக் கைத்திறனை, ஐரோப்பாவின் எட்டு நாடுகள் முன்வைத்ததை ஏற்று, யுனெஸ்கோ 2018ஆம் ஆண்டு மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அங்கே மரபுச் செல்வம்! இங்கே அதே வேலைக்கு என்ன பேர்? கொந்தரப்பு வேலை, அதாவது ஒப்பந்தக் கூலி வேலை. அதைச் செய்தவருக்கு என்ன மரியாதை கிடைத்தது? இன்னும் பத்து வருடம் போனால் கற்றுக்கொடுக்க ஆளிருக்காது. இப்போதே பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் நின்று கல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இனி வருவது கடினமான இடம். இதையெல்லாம் யாருடைய நிலத்தில் செய்வது? கல்லடுக்கி வரப்புக் கட்டுவது ஒரு நாள் வேலையில்லை. பலன் வர மூன்று, நான்கு வருடமாகும். நாளைக்கு வேறொருவர் வந்து எடுத்துக்கொள்ளக்கூடிய நிலத்தில் எந்தக் குடும்பம் கல் சுமக்கும்? தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்ட 7 பேர்ச் என்று பேசிவந்தோம். 160 பேர்ச் சேர்ந்ததுதான் ஓர் ஏக்கர். 7 பேர்ச்சில் வீடும் முற்றமும் வரும், பயிர் வராது. ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். கைவிடப்பட்டுக் காடாகிக் கிடக்கும் தேயிலை மலைகளில், சரிவும் பாதுகாப்பும் பார்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயிர் செய்யக் காணி. பெண்ணின் பேரிலும் உறுதி. வரப்புக் கட்டிக் காப்பதே நிபந்தனை. மண்ணைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் சீரழிந்த விளைநிலங்களைத் திருத்த ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் ஒரு திட்டத்தை நடத்தியது. சட்டம் உண்டு, அறிவு உண்டு, முன்மாதிரி உண்டு. குறைவது காணி ஒன்றுதான்.

காணி கொடுத்தால் கம்பனிக்கு நட்டம் என்பார்கள். நான் கேட்கிறேன்: புதர் மண்டிய மலையால் கம்பனிக்கு என்ன இலாபம்? அந்தப் புதரிலிருந்து கிளம்பும் தீ நல்ல தேயிலையையும் அல்லவா தின்கிறது! பணம் எங்கே என்பார்கள். ஒரு தீயை அணைக்கப் படையும் ஹெலிகாப்டரும் செலவழிக்கும் பணத்தை ஒருமுறை கணக்குப் பாருங்கள். அந்தப் பணம் புகையோடு போகிறது. வருடா வருடம் போகிறது. வரப்புக்குக் கொடுத்த கூலியோ மலையிலேயே தங்கும். பேரன் காலத்திலும் நிற்கும்.

காணி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். அடுத்த கச்சானுக்கு முன்பே செய்யக்கூடியவை உண்டு. லயத்தைச் சுற்றிய காய்ந்த புல்லை மே மாதத்துக்குள் வெட்டி அகற்றுங்கள். அடைபட்ட கான்களைத் துப்புரவாக்குங்கள். லயத்துக்கு மேல்புறம் ஒரேயொரு மட்டக்கோடு போட்டு ஒரு வரிசை உயிர்வேலி நடுங்கள். காற்று வீசும் நாளில் குப்பைக்குத் தீ வைக்காதீர்கள். தீ கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு உடனே சொல்லுங்கள். பாடசாலைகள் ஒவ்வொன்றும் தம் வளவில் மூன்று படி கட்டிக் காட்டட்டும். அதிகாரிகளே, விவசாயப் போதனாசிரியர்களைத் தோட்டத்துக்குள்ளும் அனுப்புங்கள். லயத்தில் இருப்பவரும் விவசாயிதான்.

தாய்மார்களே, பெரியோர்களே, இந்த மலையை வெட்டியது நம் கை. கான் போட்டது நம் கை. கல்லடுக்கியது நம் கை. கூலிக்காகச் செய்த அந்த வேலையை இனி உரிமைக்காகச் செய்வோம். காணியைக் கேளுங்கள், கேட்டுப் பெறும்வரை ஓயாதீர்கள். கிடைத்த காணியில் முதல் கல்லை வரப்புக்கு வையுங்கள், இரண்டாவது கல்லை வீட்டுக்கு வையுங்கள். வரப்பு நிற்கும் மலையில்தான் வீடும் நிற்கும்.